கிளினிக் கொப்பியா, கசாயப் பானையா: முற்றிய மார்பகப் புற்றுநோயில் எதைத் தேர்வது?

மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால் மட்டக்களப்பில் அன்று பின்னேரமே வீடு நிறைந்துவிடும். காத்தான்குடியிலிருந்து வரும் சிநேகிதி கருஞ்சீரக எண்ணெய் கொண்டுவருவா. படுவான்கரையிலிருந்து வரும் சித்தப்பா தனக்குத் தெரிந்த பரிகாரியார் ஒருவரின் போன் நம்பர் கொடுப்பார். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் முள்ளுச்சீத்தா இலையைப் பற்றிய வீடியோ ஒன்றை வட்சப்பில் அனுப்பியிருப்பார். "கத்தி வைச்சா பரவும்" என்று ஒருவர், "ஊசி குத்தினதாலதான் பரவினது" என்று இன்னொருவர். நோய் வந்த பெண்ணோ அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பா.

அந்தப் பேச்சு எப்போதும் "இங்கிலீசு மருந்தா, நாட்டு மருந்தா" என்ற ஒரு கேள்வியிலேயே சுற்றுகிறது. கேள்வியே பிழை என்பது என் எண்ணம். இது என்ன வகைப் புற்றுநோய், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் இரண்டையும் ஒப்பிட முடியாது. தெரிந்த பிறகு ஒப்பிட்டால் பாதி வீடுகளில் வாக்குவாதமே தேவைப்படாது.

நிலையிலிருந்து தொடங்குவோம். முற்றிய நோய் என்று குடும்பங்கள் சொல்வதில் இரண்டு வேறு நிலைமைகள் கலந்து கிடக்கின்றன. மூன்றாம் நிலையில் கட்டி பெருத்திருக்கும், கமக்கட்டு நெறிகளுக்குப் போயிருக்கும், தோலைக்கூடப் பிடித்திருக்கலாம். ஆனால் எலும்பு, ஈரல், நுரையீரல், மூளைக்குப் போகவில்லை. இங்கே டொக்டர்மார் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் வைத்தியம் செய்கிறார்கள். பெரும்பாலும் முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு ஒப்பரேஷன், அதன் பிறகு ஊரில் 'கரண்ட்' என்று சொல்லும் கதிர் சிகிச்சை. நாலாம் நிலையில் நோய் தூரத்து உறுப்புகளுக்குப் போய்விட்டது. அதை முழுதாக அழிப்பது மிக அரிது. அடக்கி வைத்திருப்பதும், நாளை நீட்டுவதும், நோவில்லாமல் நடமாட வைப்பதுமே அங்கு நோக்கம்.

இங்கேதான் ஒரு பெரிய விளங்காமை நடக்கிறது. நாலாம் நிலைக்காரிக்கு "ஒப்பரேஷன் தேவையில்லை" என்று டொக்டர் சொன்னால், "கைவிட்டுட்டாங்க" என்று வீட்டுக்குச் செய்தி போகிறது. அடுத்த நாள் பரிகாரியார் வீட்டு வாசலில் ஆட்டோ நிற்கும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பரவிய நோயுள்ள 350 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மார்பிலுள்ள கட்டியை வெட்டி எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இருக்கவில்லை என்று 2015 இல் அதன் முடிவு வெளிவந்தது. வெட்டாமல் விடுவது கைவிடுவது அல்ல. வெட்டிப் பயனில்லாத இடத்தில் வெட்டாமல், உடம்பு முழுக்கப் போகும் மருந்தைக் கொடுப்பதுதான் சரி. மூன்றாம் நிலையிலும் இதே கதை: "முதலில் கீமோ" என்றதும் "வெட்ட ஏலாத அளவுக்கு முத்திட்டுதாம்" என்று அழுகை எழும்பிவிடும்.

அடுத்தது வகை. பயொப்சி, அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை, அதன் ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரிகள் இருக்கும். முதல் இரண்டும் ஹோர்மோனை ஏற்கும் புரதங்கள், மூன்றாவது கலத்தை வளரத் தூண்டும் இன்னொரு புரதம். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை முதலில் பார்க்க வேண்டியது அந்த மூன்று வரிகளைத்தான். மார்பகப் புற்றுநோய்களில் கிட்டத்தட்ட 70 வீதம் ஹோர்மோனில் வளரும் வகை. அந்த வகை பரவியிருந்தாலும், ஈரலோ நுரையீரலோ உடனடி ஆபத்தில் இல்லாவிட்டால், வழக்கமான முதல் வைத்தியம் கீமோ அல்ல, குளிசை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு லெட்ரசோல் போன்ற ஒன்று. நிற்காதவருக்கு டமொக்சிபென், அல்லது சூலகத்தை அடக்கும் ஊசியோடு சேர்த்து வேறு குளிசை. கீமோவில் போலத் தலைமயிர் முழுதாகக் கொட்டாது. வார்டில் படுக்க வேண்டியதில்லை. மூட்டு நோவும் உடல் வெக்கையும் வரும், டமொக்சிபெனில் இரத்தக்கட்டி வரும் சிறு ஆபத்தும் உண்டு, லெட்ரசோல் எலும்பைத் தேய்க்கவும் கூடும்.

கீமோவுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் கசாயம் குடித்த பெண்களில் எத்தனை பேருக்கு ஒரு குளிசை போதுமாயிருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி வைத்தியம் எதைக் கொடுக்கிறது என்பதற்கு எண்கள் இருக்கின்றன. ஹோர்மோன் வகை பரவிய நிலையில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரசோலோடு, புற்றுநோய்க் கலம் பெருகுவதைத் தடுக்கும் ரைபோசிக்லிப் குளிசையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில், பாதிப் பேர் 63.9 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். லெட்ரசோல் மட்டும் எடுத்தவர்களில் அது 51.4 மாதம். ஹெர்-2 வகையில், அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் ட்ரஸ்டுசுமாப் ஊசி, கீமோ ஆகியவற்றோடு அதே வகையான பெர்டுசுமாப் ஊசியும் சேர்த்தபோது 40.8 மாதம் 57.1 ஆனது. ட்ரஸ்டுசுமாப் இருதயத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம், அதனால் இடைக்கிடை எக்கோ பார்ப்பார்கள். மூன்று வரிகளும் நெகடிவாக வரும் வகைதான் கடினம். அங்கு கீமோதான் முதுகெலும்பு, காலமும் குறுகியது. மொத்தமாகப் பார்த்தால், கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்த பெண்களில் 5 ஆண்டுகளின் பின்னும் உயிரோடு இருப்பவர்கள் அமெரிக்கக் கணக்கில் 100 க்கு 30 பேர் அளவில். சின்ன எண்தான். ஆனால் "ஆறு மாசம்தான்" என்று ஊர் தீர்மானித்துவிடுவதைவிட அது வெகு தூரம்.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவும் உண்டு. ஆனால் இலவசம் என்பதற்குள் பஸ் காசு அடங்காது. வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ கிளினிக்குக்கு வரும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகிறது, கூட வருபவருக்கும் போகிறது. மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் இரவு பஸ் அல்லது ரயில், தங்க இடம், தெரியாத பாஷை. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டை நாடே பார்த்தது, வெளிப் பாமசியில் வாங்கி வரச் சொல்லிக் கைவிரித்த நாட்களும் இருந்தன. ரைபோசிக்லிப் போன்ற புது மருந்தை எழுதினால் அது ஆஸ்பத்திரியில் கிடைக்குமா, எத்தனை மாதத்துக்கு, கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்தது என்ன என்று கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கீமோ நாட்களில் சத்தி, களைப்பு, வாய்ப்புண். வெள்ளை அணு குறையும் நாட்களில் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் பொறுத்துப் பார்க்கக் கூடாது, நடுச்சாமமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் ஒரு தேர்மோமீட்டர் கட்டாயம்.

இனி மற்றப் பக்கம். நாட்டு வைத்தியத்தை இகழ்ந்து எழுதும் நோக்கம் எனக்கில்லை. கிளினிக்கில் ஐந்து நிமிடம் கிடைக்காத பெண்ணுக்குப் பரிகாரியார் ஒரு மணித்தியாலம் கொடுக்கிறார். நாடி பார்க்கிறார், நித்திரை வருகுதா என்று கேட்கிறார், "பயப்படாத மகள்" என்கிறார். அந்த ஒரு மணித்தியாலத்தின் அருமையை ஆஸ்பத்திரிகள் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை.

மூலிகையில் சத்தில்லை என்று சொல்லவும் முடியாது. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பக்லிடக்செல் முதலில் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது. நம் முற்றத்தில் நிற்கும் பட்டிப்பூவிலிருந்து, அதாவது நித்தியகல்யாணியிலிருந்து, வின்பிளாஸ்டின் எடுத்தார்கள். பரவிய மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வினோரெல்பினும் அந்த வழியில் வந்ததுதான். அப்படியென்றால் பட்டிப்பூவை அவித்துக் குடித்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. இலையில் அந்தப் பொருள் மிக மிகச் சொற்பம், அதோடு வேறு நஞ்சுகளும் சேர்ந்தே வரும், எந்த இலையில் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது.

இலங்கையிலேயே ஒரு கசாயம் ஆய்வுகூடம் வரை போயிருக்கிறது. கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை இனக் கிழங்கு ஆகிய மூன்றையும் சேர்த்துக் காய்ச்சுவது, ஒரு பரம்பரை ஆயுர்வேதக் குடும்பத்தின் மருந்து. கொழும்பு ஆய்வாளர்கள் அதை எலிகளின் ஈரல் புற்றுநோயிலும், ஈரல் புற்றுநோய்க் கலங்களிலும் சோதித்தார்கள். ஊக்கமளிக்கும் முடிவுகள் வந்தன. ஆனால் அது எலி, ஈரல். எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயோடு இருக்கும் மனுசிக்கு அது எத்தனை மாதம் கொடுக்கும் என்ற எண் எங்குமே இல்லை. 63.9 க்கு எதிரே வைத்துப் பார்க்க அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையம். முள்ளுச்சீத்தாவும் அப்படித்தான்: கண்ணாடிக் குழாயில் கலங்களைக் கொன்றது உண்மை. கரிபியன் தீவான குவாடலூப்பில் அந்தப் பழத்தையும் இலைத் தேத்தண்ணியையும் நெடுங்காலம் எடுத்தவர்களிடம் பார்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டதை 1999 இல் எழுதியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் செய்தவர்களைப் பற்றி ஓர் எண் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் செய்த மார்பகப் புற்றுநோயாளருக்கு இறக்கும் ஆபத்து வழமையான வைத்தியம் எடுத்தவர்களைவிட 5 மடங்குக்கு மேல், சரியாகச் சொன்னால் 5.68 மடங்கு. அந்த ஆய்வில் தூரத்துக்குப் பரவியவர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே அது நாலாம் நிலைக்காரியைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நிலையில் நின்றுகொண்டு "ஒரு மூணு மாசம் கசாயம் குடிச்சுப் பாப்பம்" என்று சொல்பவருக்குத்தான் அந்த எண். மூன்றாம் நிலையில் தேர்வு என்று ஒன்று இல்லை என்றே நான் சொல்வேன். ஆஸ்பத்திரிதான், உடனே.

பரிகாரியார்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். பதிவு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. ஆரையம்பதிப் பக்கம் ஒரு வயதான பரிகாரியாரிடம் எங்கள் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் மார்பைப் பார்த்துவிட்டு, "இது என்ர கையில நிக்கிற வருத்தமில்ல மனே. முதல்ல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நித்திரைக்கும் வயித்துக்கும் வேணுமெண்டா நான் தாறன்" என்றார். காசும் வாங்கவில்லை. அப்படிப்பட்டவர்தான் நல்ல வைத்தியர். "ஸ்கான் எடுக்காதீங்க, கீமோவ நிப்பாட்டிட்டு வாங்க" என்று சொல்பவரிடமிருந்து எழும்பி வந்துவிட வேண்டும், அவர் எவ்வளவு பேர் பெற்றவராக இருந்தாலும்.

ஆபத்து எங்கே என்று கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் மார்பில் தோல் வெடித்துக் கசிந்த கட்டிக்கு மேல் இலைப் பசையைச் சுடச்சுட அப்பி, வெள்ளைச் சீலையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் சீலையை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது, இரத்தம் நிற்கவில்லை, மணம் அறை முழுக்க. அந்தப் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தது எளிய வழி: சேலைனால் நனைத்து மெதுவாக எடுத்து, ஒட்டாத துணி வைத்து, மணத்துக்கு மெட்ரோனிடசோல் போட்டுக் கட்டுவது. மணம் அடங்கியதும் அந்த மனுசி மறுபடி முன் விறாந்தையில் வந்து இருந்தா.

இன்னொன்று எலும்பு. நோய் முள்ளந்தண்டுக்குப் போயிருக்கும் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து, உழக்கி, நெட்டி எடுத்தால் எலும்பு முறியலாம். மெதுவாக எண்ணெய் பூசுவதில் பிழையில்லை, அமுக்குவதில்தான் பிழை. கால் திடீரென்று விறைத்தாலோ, மூத்திரம் போக முடியாமல் போனாலோ அது முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுவதன் அறிகுறி. அன்றே ஆஸ்பத்திரி.

ரசம் (பாதரசம்), பாஷாணம் (ஆர்சனிக் போன்ற நஞ்சு) சேர்ந்த மருந்துகள் சித்தத்தில் உண்டு. பக்குவம் தப்பினால் அவை சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். சேராங்கொட்டை தொட்டாலே கொப்புளிக்கும். சீந்தில் கொடி குடித்தவர்களுக்கு ஈரல் வீங்கியதை மும்பை டொக்டர்மார் 2021 இல் எழுதினார்கள். ஏற்கனவே நோய் பிடித்த ஈரலுக்கு மேல், கீமோவைக் கழுவி வெளியேற்ற வேண்டிய ஈரலுக்கு மேல், இவற்றை ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஈரல் கெட்டது என்றால் இரத்தப் பரிசோதனையில் எது கெடுத்தது என்று டொக்டராலும் பிரித்தறிய முடியாது, மருந்தை நிறுத்திவிடுவார். நஷ்டம் நோயாளிக்கு.

அப்போ இரண்டையும் சேர்த்தே செய்யக் கூடாதா? செய்யலாம், எதை என்று தெரிந்து. கறியில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. ஆனால் மஞ்சள் சத்து மாத்திரையை, அதுவும் மிளகுச் சத்தோடு, டமொக்சிபென் எடுப்பவர் விழுங்கினால், உடம்பில் வேலை செய்யும் டமொக்சிபெனின் அளவு ஏறத்தாழ 12 வீதம் இறங்கியதை நெதர்லாந்து ஆய்வொன்று 2019 இல் காட்டியது. ரைபோசிக்லிப் எடுப்பவருக்கு ஜம்போலா (பம்பளிமாஸ்) வேண்டாம். அந்த இனப் பழங்கள் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். இஞ்சி நல்லது: கீமோ எடுத்த 576 பேரை வைத்த ஓர் அமெரிக்க ஆய்வில் நாளுக்கு அரை முதல் ஒரு கிராம் வரை இஞ்சித் தூள் குமட்டலைக் குறைத்தது. லெட்ரசோல் தரும் மூட்டு நோவுக்கு அக்குபங்சர் உதவுவதற்கும் ஆய்வு உண்டு. யோகா, நடை, மூச்சுப் பயிற்சி களைப்புக்கு நல்லம். மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைப்பதோ, மௌலவியிடம் தண்ணீர் ஓதிக் குடிப்பதோ, மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவதோ எந்த மருந்தோடும் மோதாது. கருஞ்சீரகத்தைச் சாப்பாட்டில் தூவிச் சாப்பிடலாம், போத்தல் போத்தலாக எண்ணெய் குடிப்பதென்றால் முதலில் கேட்க வேண்டும். எதைக் குடித்தாலும் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். ஏசுவார்கள் என்ற பயத்தில் ஒளிப்பதுதான் நடக்கிறது. ஏசினாலும் பரவாயில்லை, போத்தலையே கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

நாலாம் நிலையில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் நம் வீடுகளில் எவரும் பேசுவதில்லை. நோவு தணிக்கும் பராமரிப்பு. அது கடைசிக் கிழமைக்கு உரியது என்று நினைக்கிறார்கள். 2010 இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளரிடம் செய்த ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே வைத்தியத்தோடு இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்கள் 11.6 மாதமும், பெறாதவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள். அது வேறு புற்றுநோய்தான், ஆனால் நோவைத் தணிப்பது உயிரைக் குறைக்காது என்பதற்கு அது போதும். எலும்பு நோவுக்கு ஒரே ஒரு தடவை கதிர் பிடித்தாலே பலருக்கு நோவு இறங்கும். மோர்பினைக் கண்டு பயப்படுகிறார்கள், "பழகிப்போகும்" என்று. புற்றுநோய் நோவுக்கு அளவாக எடுப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் அநேகமாக வரும், அதற்கு மருந்தைச் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். நோவில்லாமல் நித்திரை கொண்ட பெண் மறுநாள் பிள்ளைக்குத் தலை இழுத்துவிடுவா. இனிக் கீமோ வேண்டாம் என்று ஒரு பெண் தீர்மானித்தால் அதற்காகக் கசாயத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. இந்த வழி ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், அதுதான் குறை.

யார் தீர்மானிப்பது? கிழக்கில் குடி தாய்வழி, வீடு பெண்ணின் பெயரில். ஆனால் அந்த வீட்டு விறாந்தையில் இருந்து அவளின் வைத்தியத்தைப் பேசி முடிப்பது ஆண்கள். பல இடங்களில் அவளுக்கு நோயின் பெயரையே சொல்வதில்லை. பெயர் தெரியாதவள் எதைத் தேர்வது? ஐம்பது வயதில் மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவளுக்கு உண்மையைத் தாங்கும் வலு இருக்கிறது.

வீட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். பரவிய நோய்க்கு இந்தியா போக வேண்டும் என்று மகளுக்குக் கொடுத்த சீதன வீட்டை ஈடு வைத்தவர்களை எனக்குத் தெரியும். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் வேலூரும் நல்ல இடங்கள்தான், ஆனால் லெட்ரசோல் அங்கும் அதே லெட்ரசோல். மூன்று நாலு வாரத்துக்கொரு முறை, ஆண்டுக்கணக்காக ஏற்றும் ஊசி மருந்துக்கு அங்கேயே இருக்க முடியாது. இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் முதலில் ரிப்போர்ட்டுகளை அனுப்பிக் கேட்கலாம். நேரில் போவதென்றால் ஸ்கான் சீடியோடு, பயொப்சி எடுத்த ஆய்வுகூடத்தில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுக்கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் ஈ.ஆர்., ஹெர்-2 பார்க்க அங்கே மறுபடி ஊசி குத்துவார்கள், அதற்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும்.